வாசல் வரைக்கும் முப்பத்தாறு மணி நேரம்

வின்னிபெக் நகரத்தின் ஓரத்தில், ஜன்னல் சட்டம் செய்கிற ஓர் ஆலையில் நான் வேலை பார்க்கிறேன். அங்கே காலை ஒன்பது மணிக்குக் காப்பி இடைவேளை. நான் சேர்ந்த முதல் வருடம், ஒருநாள் அந்த இடைவேளையில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த டக் என்கிற பெரியவர், ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே, "இன்று காலையில் என் அப்பா இறந்துவிட்டார்" என்றார். பஸ் பத்து நிமிடம் தாமதம் என்பதைச் சொல்கிற குரல்தான். மேசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக "வருந்துகிறோம்" என்றார்கள். அவர் தலையாட்டிவிட்டு ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டார். "நீங்கள் இன்னும் கிளம்பவில்லையா?" என்று கேட்டேன். "எங்கே?" என்றார். "ஊருக்கு." "அடக்கம் அடுத்த வாரம் சனிக்கிழமை. இரண்டு மணி நேரம் கார் ஓட்டினால் போதும். இப்போதே போய் என்ன செய்ய?" என்றவர், என்னைக் கொஞ்சம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஏன், என் ஷிஃப்ட் உனக்கு வேண்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை. நானும் அவரை நம்பவில்லை. அப்பாவைப் பறிகொடுத்தவர் இப்படிப் பழம் தின்பாரா, நிஜமாகவே செத்தாரா, இல்லை லீவு வாங்குவதற்கு இப்போதே அடிபோடுகிறாரா என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கம் யாரும் இப்படி நேராகச் சொல்ல மாட்டார்கள். எங்கள் பக்கம் என்றால் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோடு. கரிசல் காடு, கருவேல முள்ளு, மழை வந்தால் பருத்தியும் மிளகாயும், வராவிட்டால் அந்த முள்ளை வெட்டிக் கரிமூட்டம். ஊருக்கு ஊர் பத்துப் பேராவது வெளிநாட்டில் இருப்பார்கள். அங்கே வெளியூர்க்காரனுக்குச் சாவுச் செய்தி சொல்ல ஒரு முறை இருக்கிறது. "அப்பாவுக்கு லேசா முடியல, ஒருக்கா வந்து பாத்துட்டுப் போ" என்பார்கள். அடுத்து, "அங்கருந்து வர எத்தன மணி நேரமாகும்?" என்று கேட்பார்கள். அந்த இரண்டாவது கேள்வி வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தம். உயிரோடு இருக்கிறவருக்காக யாரும் மணி கேட்பதில்லை. ஐஸ் பெட்டியை எத்தனை நேரம் வைத்திருக்க வேண்டும், எத்தனை மணிக்கு எடுப்பது, பந்தல்காரனுக்கும் வெட்டியானுக்கும் என்ன சொல்வது என்று முடிவு செய்வதற்காகத்தான் அந்தக் கேள்வி. சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். இருந்தாலும் யாரும் உடைத்துப் பேச மாட்டார்கள்.

அந்தப் பொய்யை நானே ஒருமுறை சொல்லியிருக்கிறேன். எங்கள் பெரியப்பா இறந்தபோது அவர் மகன் செல்வராசு குவைத்தில் இருந்தான். என் வயசுக்காரன், கூடவே வளர்ந்தவன். வீட்டில் பெரியவர்கள் கூடிப் பேசி, "நீ பேசினாத்தான் அவன் நம்புவான்" என்று போனை என் கையில் திணித்தார்கள். உள்ளே கூடத்தில் ஐஸ் பெட்டியின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டுவிடக் கூடாது என்று கொல்லைப்பக்கம் போய் நின்று பேசினேன். "ஏலே, உசுரோடதான இருக்காக?" என்று கேட்டான். "இருக்காக. உன்னயத்தான் கேட்டுக்கிட்டே இருக்காக" என்றேன். மறுநாள் அவன் வந்து இறங்கி, வாசலில் பந்தலைப் பார்த்து, என்னை ஒரு பார்வை பார்த்தான். செருப்பால் அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். பதினாறாம் நாள் எல்லாம் முடிந்து உட்கார்ந்திருந்தபோது அவனாகவே சொன்னான்: "நீ சொன்னது பொய்யின்னு தெரியும்லே. ஆனா அத வச்சுத்தான் ப்ளைட்டுல குடுத்த சோத்தத் தின்னேன்." அப்போது எனக்கு அது விளங்கவில்லை. ஏதோ ஆறுதலுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன்.

சந்தேகம் எங்கள் வீட்டுப் பரம்பரைச் சொத்து. என் அப்பா அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பர். முப்பது வருடம் ஒரு மர நாற்காலி, ஒரு நோட்டு, ஒரு விசில். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுதுவது வேலை. பிந்தி வருகிற டிரைவர்கள் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். வீரசோழனில் கூட்டம் ஏறிவிட்டது, மல்லாங்கிணறில் டயர் போய்விட்டது, அதிகம் பேர் சொன்னது ரயில்வே கேட்டு. "கேட்டு போட்டுட்டான்ணே." அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். "எந்த ரயிலு?" என்பார். டிரைவர் ஏதாவது ஒரு ரயிலைச் சொல்வான். "அது போயி ஒரு மணி நேரமாச்சு. நேரத்த எழுதுறேன், போ" என்பார். இருபது நிமிடம் பிந்தினால் இருபது நிமிடம் என்றுதான் எழுதுவார். சொந்த மச்சான் ஓட்டின வண்டிக்கும் அப்படித்தான். ஏறுகிற ஆள் ஓடி வருவது கண்ணுக்குத் தெரிந்தாலும், நேரம் வந்துவிட்டால் விசில் ஊதிவிடுவார். எங்கள் அம்மாவே ஒருநாள் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு, அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் முக்கால் மணி நேரம் பேசாமல் நின்றிருக்கிறாள். வீட்டிலும் அதே ஆள்தான். நான் பள்ளிக்கூடம் விட்டு வர எத்தனை நிமிடம் என்று அவருக்குத் தெரியும். கூடப் பத்து நிமிடம் ஆனால், "எந்த ரயிலு?" என்று கேட்பார்.

நான் கனடாவுக்கு வந்த பிறகு அப்பாவுக்கு ஒரு புதுப் பாதை கிடைத்தது. அம்மா இறந்துபோயிருந்தாள். தங்கச்சி மாரிதான், கட்டிக்கொடுத்த இடம் பக்கத்துத் தெரு என்பதால், அப்பாவைப் பார்த்துக்கொண்டாள். அவள் போனில் தேடி, மதுரைக்கும் வின்னிபெக்குக்கும் நடுவே பதின்மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், விமானத்தில் பதினேழு மணி நேரம் என்று எதிலோ படித்துச் சொல்லியிருக்கிறாள். கூடவே ஒரு படம். மதுரையில் ஆரம்பித்த கோடு நேராக வடக்கே ஏறி, வட துருவத்துப் பக்கமாகப் போய், அந்தப் பக்கம் இறங்கி வின்னிபெக்கைத் தொட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வீடியோவில் விசாரணையை ஆரம்பித்தார். "ஏன்டா, அந்த வழியில வண்டி ஓடுதா?" "இல்லப்பா. டொரண்டோ, துபாயின்னு சுத்தித்தான் வரணும்." "ஓடாத ரூட்டுக்கு என்னத்துக்குக் கிலோமீட்டரு போட்டுருக்கான்?" அவரே தொடர்ந்தார். "பதினேழு மணி நேரங்கிறது ரன்னிங் டைமு. அத யாரும் கேக்கல. ஒன் வீட்டு வாசல்லருந்து எங்க வீட்டு வாசலுக்கு எவ்வளவு நேரம்?" என்றார். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்வியை எப்போது கேட்பார்கள் என்று அவருக்கும் தெரியும்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வீடியோவை நான் முகம் பார்க்கவா பார்த்தேன், அப்பாவுக்குப் பின்னால் இருப்பதைத்தான் பார்த்தேன். சுவரோரம் புதிதாக ஒரு மாத்திரை டப்பா. அவர் உட்கார்ந்திருக்கிற நாற்காலி மாறியிருக்கிறது. மாரி ஏன் போனை இப்படி மேலே தூக்கிப் பிடிக்கிறாள், காலில் வீக்கம் கீக்கம் இருக்கிறதா. "எல்லாரும் நல்லாருக்கோம்ணே" என்பாள். அதில் 'எல்லாரும்' கொஞ்சம் அழுத்தமாக விழுந்த மாதிரி இருக்கும். என் வீட்டுக்காரி, "நீங்க போன் பேசுறீங்களா, போலீஸ் வேலை பாக்குறீங்களா?" என்று கேலி செய்வாள். பக்கத்தில் இருந்து நாளும் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் தேவைப்படாது. எனக்கு அதை விட்டால் வேறு வழி இல்லை.

அது ஒரு குளிர்காலக் காலை. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன், எட்டு மணி இருக்கும். ஊரில் இரவுச் சாப்பாட்டு நேரம். மாரி கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை இல்லை, செவ்வாய். "அண்ணே, அப்பாவுக்கு லேசா முடியல" என்றாள். நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். "என்ன பண்ணுது?" "தல சுத்துதுன்னாக. அருப்புக்கோட்டையில ஆஸ்பத்திரியில சேத்துருக்கோம். ஒண்ணுமில்லண்ணே, பயப்படாத." "போன அவர்ட்ட குடு." "தூங்குறாக." பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. ஒன்றிரண்டு இல்லை, வரிசையாக. பிறகு அவள் கேட்டாள்: "ஏண்ணே, அங்கருந்து வீட்டு வாசல் வரைக்கும் வர எத்தன மணி நேரமாகும்?"

எனக்கு அழுகை வரவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு ஆலைக்குப் போய் மேலாளரிடம் லீவு கேட்டேன். இங்கே பிறந்து வளர்ந்த பெண், என்னைவிட இளையவள். "என் அப்பா இறந்துவிட்டார்." "ஐயோ, எப்போது?" "தெரியாது." "தெரியாதா? வீட்டில் என்ன சொன்னார்கள்?" "லேசாக உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரியில் தூங்குகிறார் என்றார்கள்." அவள் கொஞ்ச நேரம் கணினித் திரையைப் பார்த்தாள். "அப்படியென்றால் அவர் இறக்கவில்லை" என்றாள். "எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்" என்றேன். "இறந்தவரைத் தூங்குகிறார் என்றா?" "ஆமாம். எத்தனை மணி நேரம் ஆகும் என்றும் கேட்டார்கள்." அவள் முகத்தில் அவநம்பிக்கை அப்பட்டமாகத் தெரிந்தது. துக்க விடுப்புக்கு ஒரு படிவம், நோயாளியைப் பார்க்கப் போவதற்கு வேறொரு படிவம் இருக்கிறதாம். எது வேண்டும் என்று கேட்டாள். நான் துக்கப் படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டேன்.

டிக்கெட் போட்ட பிறகு மாரியைக் கூப்பிட்டு, "கிளம்பிட்டேன்" என்றேன். அவள் பதறி, "எதுக்குண்ணே இப்ப? வேணாம்ணே, நாளைக்கு வீட்டுக்கு விட்டுருவாக" என்றாள். வரச் சொல்லியிருந்தால் பெட்டியில் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பேன். வர வேண்டாம் என்றதும், எடுத்தே விட்டார்கள் போல என்று நினைத்தேன். எப்படிப் புரட்டிப் போட்டாலும் சந்தேகத்துக்கு ஒரு சாட்சி கிடைக்கத்தான் செய்தது. "அப்பாவ இப்ப எழுப்பிப் பேசச் சொல்லு" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டு, அவள் உடைந்து அழுதுவிட்டால் அதோடு எல்லாம் தீர்ந்தது. பயந்துபோய் போனை அணைத்து வைத்துவிட்டேன். டொரண்டோவிலிருந்து துபாய் வரை பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு சினிமா பார்த்தார். நான் அப்பாவை எடுத்துக் கொண்டுபோய்க் கொள்ளி வைத்து, சாம்பல் கரைத்து, பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் மனசுக்குள் முடித்துவிட்டேன்.

துபாயில் இறங்கியபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. நான் போய்ச் சேரவே பிந்திவிடும். அதற்குப் பிறகு மயானத்தில் உட்கார்த்தி, தலையும் மீசையும் எடுக்கிறதுக்கு வேறு நேரம். எல்லோரும் வெயிலில் நிற்பார்கள். தலையை அங்கே எடுத்துக்கொள்ளலாம், மீசையையாவது முன்கூட்டி முடித்துவிட்டால் பத்து நிமிடம் மிச்சம். டைம் கீப்பர் மகனுக்கு வேறு எப்படி யோசனை போகும். கடையில் ஒரு ரேசர் வாங்கி, கழிவறைக் கண்ணாடி முன்னால் நின்று, அம்மா காரியத்துக்குப் பிறகு எடுக்காத மீசையை வழித்தேன். கை கழுவ வந்த ஒரு மலையாளி என்னைப் பார்த்துவிட்டு, "அப்பனோ?" என்றார். தலையாட்டினேன். தோளைத் தொட்டுவிட்டுப் போனார். அந்த இடத்தில்தான் அழுதேன்.

மதுரையில் இறங்கி டாக்சி பிடித்தேன். விமான நிலையத்திலிருந்து எங்கள் ஊர் ஒரு மணி நேரம். காரியாபட்டி தாண்டியதிலிருந்து சுவர்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன், அப்பா படம் போட்ட கண்ணீர் அஞ்சலி எங்கேயாவது ஒட்டியிருக்கிறதா என்று. இல்லை. அப்பா செத்ததற்கு ஒரு போஸ்டர்கூட அடிக்கவில்லையே என்று மாரி புருஷன் மேல் கோபம் வந்தது. தெருமுனையில் பந்தல் போட்டிருந்தது. டாக்சி நின்றது. பந்தலுக்கு அடுத்த வீடுதான் எங்கள் வீடு. அதன் வாசலில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பந்தல் பக்கத்து வீட்டுக் காதுகுத்துக்காம். முந்தாநாளே நாற்காலி எல்லாம் இறக்கி, இடம் இல்லாமல் பக்கத்துத் தெருவில் மாரி வீட்டு முன்னால் அடுக்கினார்களாம், அவள் எனக்குப் போன் பேசியது அங்கே நின்றுதான்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். என் முகத்தைப் பார்த்தார். மூக்குக்குக் கீழே பார்வை நின்றது. நான் கையால் மூடிக்கொண்டேன். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கேட்டார்:

"எந்த ஊருல வச்சுடா என்னய முடிச்ச?"

"துபாய்ல" என்றேன்.

அப்பா சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு உள்ளே போனார். மாரி தலையில் அடித்துக்கொண்டாள். "லேசா முடியலன்னுதானண்ணே சொன்னேன்? நெசமாவே லேசாத்தான் முடியல. மணி நேரம் கேட்டது நானா? அவுகதான் பெட்டுல படுத்துக்கிட்டு, இப்பயாச்சும் அவன்ட்ட கேட்டுச் சொல்லுன்னு உசுர வாங்கினாக." உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. "நெசத்தச் சொன்னாலும் நம்ப மாட்டான். எம் மகன்ல."

மீசை முளைக்கிற வரைக்கும் என்னைத் தெருவில் இறங்கவிடவில்லை. அப்பன் உயிரோடு இருக்கும்போது மீசை எடுத்தவன் என்று ஊர் சிரிக்குமே. செல்வராசு மட்டும் பின்வாசல் வழியாக வந்து பார்த்துவிட்டுப் போவான். குவைத்தை முடித்துக்கொண்டு வந்து கார் ஓட்டிக்கொண்டிருந்தான். "பெறகு என்னலே, அரும்பிருச்சா?" என்று தினமும் விசாரிப்பான். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் அப்பா, மாரியையும் என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். பழைய நோட்டை எடுத்து வைத்திருந்தார். "இப்ப சொல்லு. போன் வந்த நிமிசத்துலருந்து இந்த வாசல் வரைக்கும்." டிக்கெட் கிடைக்கிற நேரம், மூன்று விமானம், நடுவில் காத்துக்கிடப்பது, கார் எல்லாவற்றையும் கூட்டினேன். "முப்பத்தாறு." அதை எழுதி அடிக்கோடு போட்டார். "பெட்டி தாங்குமா?" "கரண்டு இருந்தாத் தாங்கும்" என்றாள் மாரி. "சரி. முப்பத்தாறு வரைக்கும் வச்சிருங்க. அதுக்கு மேல ஒரு நிமிசம் நிறுத்தக்கூடாது, விசில ஊதிறணும். ஊரயெல்லாம் வெயில்ல நிறுத்தி வைக்கக்கூடாது." பிறகு மாரியைப் பார்த்து, "இன்னொண்ணு. நான் செத்தா செத்துட்டாகன்னு சொல்லு. லேசா முடியலன்னு சொன்னா லேசாத்தான் முடியலன்னு அவன் தெரிஞ்சுக்கிறணும். நேரத்த மாத்தி எழுதுற வேல நம்மகிட்டக் கெடையாது" என்றார். எனக்கு அது நல்ல ஏற்பாடாகத் தெரிந்தது. இனி சந்தேகப்பட வேண்டாம் என்று நிம்மதியாகக்கூட இருந்தது. என்ன மடத்தனம்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் "லேசா முடியல" என்று மூன்று தரம் போன் வந்தது. மூன்று தரமும் லேசாகத்தான் முடியவில்லை. மூன்று தரமும் நான் நிம்மதியாக வேலைக்குப் போனேன். போன ஆனி மாதம், காலை ஒன்பது மணி. காப்பி இடைவேளை. எதிரே டக். போனில் மாரி. "அண்ணே." பிறகு, ஒப்பிக்கிற மாதிரி, "அப்பா இறந்துட்டாக. ஆறு அம்பதுக்கு" என்றாள். நேரத்தோடு சொன்னாள். அப்பா சொல்லிக்கொடுத்த மாதிரியே.

"லேசா முடியலன்னு சொல்லு மாரி" என்றேன்.

"அப்படிச் சொல்லக்கூடாதுன்னு சொல்லிட்டாகண்ணே."

"அப்பாட்ட போனக் குடு. தூங்குறாகளா?"

"இல்லண்ணே" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

என்ன ஆயிற்று என்று டக் கேட்டார். "என் அப்பா இறந்துவிட்டார்" என்றேன். அவர் மாதிரியே சொல்லிவிட்டேன். அவர் எழுந்து சுற்றி வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தார். இந்த முறை எனக்கு அவர் மேல் எந்தச் சந்தேகமும் வரவில்லை. அன்றைக்கு என் ஷிஃப்டை அவரே பார்த்துக்கொண்டார் என்று பிறகு தெரிந்தது.

டொரண்டோவிலிருந்து துபாய்க்குப் போகிற விமானத்தில் சோறு கொண்டுவந்து வைத்தார்கள். அப்போதுதான் செல்வராசு சொன்னது விளங்கியது. அவனிடம் ஒரு பொய் இருந்தது. ஒருவேளை இருப்பாரோ என்று நினைத்துக்கொண்டே ஒரு வாய் தின்றிருக்கிறான். போன முறை நானும் அந்த 'ஒருவேளை'யை மனசுக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறேன், இல்லாவிட்டால் போனை ஏன் அணைத்து வைக்கிறேன். இந்த முறை பதின்மூன்று மணி நேரமும் அப்பா செத்தேதான் இருந்தார். எங்கள் ஊர்ப் பொய்யை நான் இளக்காரமாக நினைத்திருந்தேன். அவ்வளவு தூரம் வருகிறவன் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டும் என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். சோற்றை அப்படியே மூடி வைத்தேன். துபாயில் ரேசர் விற்கிற அதே கடையைத் தாண்டிப் போனேன். வாங்கவில்லை. மீசையோடு வருவதைத்தான் அவர் பார்க்க விரும்புவார் என்று தோன்றியது.

துபாயில் விமானம் ஒன்றரை மணி நேரம் பிந்திப் புறப்பட்டது. மதுரையில் இறங்கி, பாஸ்போர்ட் பார்க்கிற வரிசையில் நிற்கும்போது முப்பத்தாறு முடிந்துவிட்டது. மாரி கூப்பிட்டாள். "அண்ணே, அப்பா சொன்ன டயம் ஆயிருச்சு. எடுத்துறலாம்னு சொல்றாக. நோட்டுல எழுதியிருக்கத எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டிருந்தேன். இப்ப என்னத்தச் சொல்ல? எங்க வார?" எனக்கு முன்னால் இன்னும் இருபது பேர் நின்றார்கள். "காரியாபட்டி தாண்டிட்டேன்" என்றேன். யோசிக்கவே இல்லை. பின்னால் யாரோ அதிகாரி, "அடுத்த ஆள் வாங்க" என்று சத்தம் போட்டார். மாரிக்குக் கேட்டிருக்காமல் இருக்காது. இருந்தும், "சரிண்ணே, பாத்து வா" என்று வைத்துவிட்டாள்.

வெளியே செல்வராசு காரோடு நின்றான். அந்தச் சாலையில் அவன் அவ்வளவு வேகமாக ஓட்டி நான் பார்த்ததில்லை. தெருவே வெயிலில் நின்றுகொண்டிருந்தது. நான் இறங்கியதும் சாதிசனத்தில் பெரியவர் ஒருவர், எங்களுக்கு மாமா முறை, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். "காரியாபட்டி தாண்டிட்டான்னு சொல்லி ஒன்னேகால் மணி நேரமாச்சேப்பா. அங்கருந்து இங்க வர இம்புட்டு நேரமா?" நான் வாயைத் திறப்பதற்குள் செல்வராசு கார்க் கதவைச் சாத்தியபடி சொன்னான்: "கேட்டு போட்டுட்டான் மாமா."

மாமா தலையாட்டினார். சுற்றி நின்றவர்களும் தலையாட்டினார்கள். விமான நிலையத்திலிருந்து வருகிற நான்கு வழிச்சாலையில் ரயில்வே கேட்டு ஏது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கக் கூடிய ஒரே ஆள் உள்ளே கூடத்தில், பெட்டிக்குள் படுத்திருந்தார். பெட்டியின் கண்ணாடி மேல் கையை வைத்தேன், சில்லென்று இருந்தது. எந்த ரயிலு என்று கேளுங்கப்பா என்று சொல்லி வாய்விட்டு அழுதேன். மாரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அப்பாவின் பழைய நோட்டு அவள் மடியில் இருந்தது. நான் வந்து சேர்ந்த நேரத்தை அவள் எழுதினாளா என்று எனக்குத் தெரியாது, பார்க்கவும் தைரியம் இல்லை.

காரியம் முடிந்து திரும்பும்போது டொரண்டோவில் மாட்டிக்கொண்டேன். வின்னிபெக் விமானம் வருமா வராதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது மாரி கூப்பிட்டாள். "வீட்டுக்குப் போயிச் சேந்துட்டியாண்ணே?" அவளைக் கவலைப்பட வைப்பானேன் என்று, "சேந்துட்டேன்மா" என்றேன். அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேல் ஒலிபெருக்கியில் ஏதோ ஓர் ஊருக்குப் போகிறவர்களைக் கூப்பிட்டார்கள். மாரிக்கும் அது கேட்டுவிட்டது.

"வீட்டுல என்னண்ணே மைக்கு சத்தம்?" என்றாள்.

அவள் குரல் அப்பா குரல் மாதிரியே இருந்தது. "நெசமாச் சொல்லு" என்றாள். "எங்க இருக்க?"

எதிரே விமானங்களின் பலகையில் ஊர்ப் பெயர்கள் மாறிக்கொண்டே இருந்தன. எதைச் சொல்வது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.